அம்மா வீட்டுச் சங்கு

ஆடிச் சாரலில் நனைந்துகொண்டே பொதிகை எக்ஸ்பிரஸிலிருந்து இறங்கி, ஆட்டோ பிடித்து வீட்டு வாசலுக்கு வந்தால், கேட்டில் கை வைப்பதற்குள் எதிர்வீட்டு அண்ணாச்சி பிடித்துக்கொண்டார்.

"வா தம்பி. நேத்தும் ஒங்க வீட்ல சங்கு ஊதிச்சுல்லா?"

சங்கு என்று அவர் சொன்னது திருட்டு அலாரத்தின் சைரனை. முனிசிபாலிட்டி சங்கைக் கேட்டுக் கைக்கடிகாரம் திருத்திய தலைமுறை அவர். ஊளையிடுகிற எதுவும் அவருக்குச் சங்குதான்.

"எத்தனை மணிக்கு அண்ணாச்சி?"

"மணிய யாரு பாத்தா? மொதல்ல ரெண்டு தடவ டார்ச்சும் கம்புமா ஓடியாந்தேன். அப்புறம் ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். இப்பம் பொரண்டு படுத்துக்கிடுதேன். தப்பா நெனைக்காத."

நான் தப்பாக நினைக்கவில்லை. ஆனால் வயிற்றில் என்னவோ செய்தது. அலாரம் அடித்தால் அந்தப் பெட்டி மூன்று நம்பருக்குப் போன் போடும். முதலில் சென்னையில் எனக்கு, அடுத்து மதுரையில் அக்காவுக்கு, மூன்றாவதாக அண்ணாச்சிக்கு. மூவரில் நடந்தே வந்துவிடக்கூடிய ஆள் அவர் ஒருவர்தான். அவர் புரண்டு படுத்துவிட்டார் என்றால், தென்காசியில் அந்த நீள வீட்டில் தனியாக இருக்கிற என் அம்மாவுக்கு அலாரமே இல்லை என்று அர்த்தம்.

அப்பா இறந்த வருஷம் வைத்தது. நாலு வருஷம் ஆகிறது. பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. மச்சுப்படிக்குக் கீழே ஒரு இரும்புப் பெட்டி, அம்மா அறைக்கு வெளியே நம்பர் அமுக்குகிற கீபேட், மொட்டை மாடிச் சுவரில் சைரன். நாலு காவல் பகுதி, ஜோன் என்பார்கள், நம்பர் போட்டது. வாசல் கதவுக்கு ஒன்று, புறவாசல் கதவுக்கு இரண்டு, பட்டாசலில், அதாவது கூடத்தில், ஆள் நடமாட்டம் பார்க்கிற சென்சார் மூன்று, மச்சில் அதே மாதிரி இன்னொன்று நாலு. ராத்திரி அம்மா சாப்பிட்டு, பாத்திரம் ஒதுக்கி, பத்து மணிவரை டிவி பார்த்து, நம்பரை அமுக்கிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். மூன்று வருஷத்துக்கு மேல் ஒரு தொந்தரவும் இல்லை. இந்த ஜூன் பிறந்ததிலிருந்துதான் ஆட்டம்.

ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் வரும். எடுத்தால் ஒரு பெண் குரல் உணர்ச்சியே இல்லாமல் ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லும். கை நடுங்க அம்மாவைக் கூப்பிட்டால், "ஒண்ணுமில்ல ஐயா, சும்மா ஊதிச்சு, நீ படு" என்பாள். எங்கே படுப்பது?

அலாரம் வைத்த கம்பெனியிலிருந்து ஆள் மூன்று முறை வந்து போனார். முதல் முறை பட்டாசல் சென்சார் "வீக்" என்று சொல்லிப் புதிதாக மாட்டினார். பத்து நாளில் மறுபடி ஊதியது. இரண்டாம் முறை சென்சாரின் உணர்திறனைக் குறைத்துவிட்டுப் போனார். மூன்றாம் முறை, "பேனலே பழசாயிட்டு சார், மொத்தமா மாத்திரலாம்" என்றார். அந்த இடத்தில்தான் நான் ரயில் டிக்கெட் போட்டேன். நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை. ஒரு மல்டிமீட்டர் வைத்துக்கொண்டு வீட்டு ஸ்விட்சுபோர்டை நோண்டுகிற ஜாதி. ஆனாலும் மூன்று தடவையும் அந்த மனிதர் ஒரு கேள்வியைக்கூட அம்மாவிடம் கேட்கவில்லை என்பது எனக்கு உறுத்தியது.

முதலில் செய்தது கீபேடில் பழைய பதிவுகளைப் பார்த்தது. எந்தத் தேதி, எந்த மணி, எந்த ஜோன் என்று பேனல் எழுதி வைத்திருக்கும். பார்த்தால், எல்லாமே ஜனவரி மாதத்தில் நடந்ததாக எழுதியிருக்கிறது. ஜனவரி 1, பிறகு 3, பிறகு 9, மறுபடியும் ஜனவரி 1. சிரித்துவிட்டேன். ஆனால் கொஞ்ச நேரம் யோசித்தால் இதுவே ஒரு துப்பு. கரண்ட் போனாலும் உள்ளே இருக்கிற பேட்டரியில் பேனல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். தேதி அழிந்து தொடக்கத்துக்குப் போயிருக்கிறது என்றால் நடுவில் பேனல் அடியோடு அணைந்திருக்கிறது. இதைக் கீழே சொல்கிறேன்.

தேதி பொய், ஆனால் வரிசையும் ஜோன் நம்பரும் நிஜம். மணி மட்டும் யாராவது சொன்னால் போதும். சலித்துப்போய் அம்மாவிடம், "என்னைக்கு என்னைக்கு அடிச்சுதுன்னு ஞாபகம் இருக்கா?" என்றேன். அம்மா அடுக்களைக்குப் போய், கம்பியில் குத்தி வைத்திருந்த தினசரிக் காலண்டர் தாள்களை எடுத்து வந்தாள். கிழித்த தாளின் பின்பக்கம் மளிகைச் சாமான் எழுதுவதற்காகச் சேர்த்து வைப்பது அவள் வழக்கம். முன்பக்கத்தில் ராகு காலம், எமகண்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலால், "10.50 ஊதிச்சு. யாருமில்ல." இப்படிப் பன்னிரண்டு தாள்.

ஆயிரக்கணக்கில் பணம் கேட்ட பேனலைவிட ஒழுங்கான பதிவு அது. பட்டாசல் தரையில் பன்னிரண்டையும் பரப்பி, பேனலின் வரிசையோடு ஒட்டி வைத்துப் பார்த்தேன். சீட்டுக்கட்டு பிரிகிற மாதிரி பிரிந்தன. ஐந்து தாள் மூன்றாம் ஜோன், எல்லாம் ராத்திரி பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே. நாலு தாள் இரண்டாம் ஜோன், விடியற்காலம் ரெண்டு, மூணு மணி. இரண்டு தாளில் மூன்றும் நாலும் ஒரே சமயத்தில். ஒன்று மட்டும் எதிலும் சேராமல் தனியாக நின்றது.

அதாவது கோளாறு ஒன்று இல்லை, குறைந்தது மூன்று. ஒரே நோய் என்று நினைத்து மருந்து கொடுத்ததால்தான் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றைச் சரி செய்தாலும் மற்றது ஊதும், "பார், இது காரணமில்லை" என்று செய்ததைக் கலைத்துவிடுவோம்.

முதலில் அந்த ஐந்து தாள். அதில் மூன்றில் அம்மா இன்னொன்றும் எழுதியிருந்தாள்: "பல்லி சொல்லிச்சு." அவள் எழுதியது சகுனத்துக்காக. எந்தத் திசையில் சொன்னது என்றுகூட ஒன்றில் குறித்திருந்தாள், தென்கிழக்கு. நான் தலையைத் தூக்கித் தென்கிழக்கு மூலையைப் பார்த்தேன். அங்கேதான் டியூப்லைட். அதற்கு ஒரு அடி தள்ளிச் சென்சார்.

இந்தச் சென்சார் வேலை செய்கிற விதம் அழகானது. தானாக எதையும் அனுப்பாது, சும்மா பார்க்கும். மனித உடம்பு வெளிவிடுகிற வெப்பக்கதிர் பெரும்பாலும் 9, 10 மைக்ரான் அலைநீளத்தில் இருக்கும். அதை உணர்கிற இரண்டு சிறு துண்டுகள் உள்ளே பக்கத்தில் பக்கத்தில் உண்டு. ஒன்றுக்கொன்று எதிராக இணைத்திருப்பார்கள். அறை முழுக்க மெல்லச் சூடேறினால் இரண்டும் ஒரே அளவு சூடேறி ஒன்றையொன்று அடித்துவிடும், அலாரம் வராது. ஒரு சூடான பொருள் குறுக்கே நகர்ந்தால் மட்டும் முதலில் ஒரு துண்டு, பிறகு மற்றது என்று துள்ளும். முன்னால் இருக்கிற வெள்ளைப் பிளாஸ்டிக் மூடி வெறும் மூடி இல்லை, லென்ஸ். அது அறையை விரல் விரலாகப் பிரித்துக் காட்டுகிறது.

சரி, தூரத்தில் நடக்கிற ஆளும் லென்ஸ் மேலேயே நடக்கிற பல்லியும் அதற்கு ஒன்றா? கிட்டத்தட்ட ஒன்றுதான். கண்ணுக்கு முன்னால் விரலைப் பிடித்தால் மலையே மறைகிற கதை. சாரல் காலத்தில் ஈசல், பூச்சி எல்லாம் விளக்குக்கு வரும். பூச்சிக்குப் பல்லி வரும். அப்பா போனதிலிருந்து அம்மா பட்டாசல் டியூப்லைட்டை ராத்திரி முழுக்க அணைப்பதில்லை. பழைய மாடல் லைட், சோக்குப் பட்டி நன்றாகச் சுடும். அந்தச் சூட்டில் காய்ந்துகொண்டிருந்த பல்லி பூச்சியைப் பிடிக்கச் சென்சார் மேல் ஓடினால், சுவரைவிடச் சூடான ஒரு பொருள் லென்ஸை முழுக்கக் கடக்கிறது. பத்து மணிக்கு மேல் ஏன் என்றால், அதுவரை அங்கே அம்மா டிவி பார்த்துக்கொண்டிருப்பாள், அலாரம் போட்டிருக்காது. ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். மூடியில் எச்சம். வயர் நுழைகிற ஓட்டை வழியாக எறும்பு வேறு உள்ளே குடித்தனம் வைத்திருந்தது. பல்லி தலையில் விழுந்தால், தோளில் விழுந்தால் என்று பஞ்சாங்கத்தில் பலன் போட்டிருக்கிறது. சென்சாரில் விழுந்தால் மகனுக்குத் தூக்கம் போகும் என்று சேர்த்துக்கொள்ளலாம்.

வைத்தியம் எளிது. சென்சாரை லைட்டிலிருந்து எதிர் மூலைக்கு மாற்றினேன், தரையிலிருந்து ஏழடி உயரத்தில். வயர் ஓட்டையைச் சிலிக்கான் பசையால் அடைத்தேன். கம்பெனி ஆள் குறைத்த உணர்திறனைப் பழையபடி கூட்டினேன். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். உணர்திறனைக் குறைப்பது பல இடங்களில் முதல் வைத்தியமாகவே நடக்கிறது, அது நம் ஊருக்கு ஆகவே ஆகாது. சென்சார் பார்ப்பது உடம்புச் சூட்டுக்கும் சுவர்ச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. சித்திரை மாதத்தில் பூட்டிய அறைக்குள் 35, 36 டிகிரி ஏறிவிட்டால் அந்த வித்தியாசமே மெலிந்துபோகிறது. ஏற்கெனவே அரைக்கண் மூடின காவல்காரனுக்குத் தூக்க மாத்திரையும் கொடுப்பது போல அது. சும்மா ஊதுவது நிற்கும். திருடன் வந்தாலும் ஊதாது.

அடுத்து அந்த விடியற்கால நாலு தாள். அதில் அம்மா குறிப்பு ஒரே வார்த்தை: "காத்து." தென்காசிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்கள் ஒரு தடவை ஆடி மாசம் காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் நின்று பாருங்கள், காற்று ஆளைப் பிடித்துத் தள்ளும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற தென்மேற்குக் காற்று அது. எங்கள் புறவாசல் நேராக மேற்கே பார்த்தது.

கதவில் இருப்பது காந்தமும் ரீட் ஸ்விட்சும். 1930களில் பெல் ஆய்வகத்தில் பிறந்த சாதனம் அது. சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய இரும்புத் தகடு. காந்தம் கிட்டே இருந்தால் ஒட்டிக்கொள்ளும், தள்ளிப்போனால் பிரியும். கதவில் காந்தம், நிலையில் குழாய். கதவு திறந்தால் தகடு பிரிந்து சுற்று அறும், சங்கு ஊதும். இரண்டுக்கும் நடுவே சுமார் 2 செண்டிமீட்டர் வரை தாங்கும். எங்கள் பழைய தேக்கு நிலையில் பூவேலைச் சட்டம் துருத்திக்கொண்டிருந்ததால் மாட்டும்போதே ஒன்றரை செண்டிமீட்டர் இடைவெளி விட்டிருந்தார்கள். மழைக்குக் கதவு உப்பி, தாழ்ப்பாள் துவாரத்துக்குள் முழுசாகப் போகவில்லை. துவாரமும் அறுபது வருஷத் தேய்மானத்தில் அகண்டுபோயிருந்தது. காற்று ஒரு தள்ளுத் தள்ளினால் கதவு இன்னொரு செண்டிமீட்டர் ஆடும். கணக்கு முடிந்தது.

கண்டுபிடித்த விதம் இதைவிட எளிது. அம்மாவைக் கீபேட் முன்னால் நிறுத்தினேன். நான் வெளியே போய்க் கதவை உள்ளங்கையால் தட்டினேன். "வெளக்கு எரியுது... அணைஞ்சுட்டு... எரியுது" என்று உள்ளிருந்து சொன்னாள். பத்து நிமிஷ வேலை. ஒரு மரத்துண்டு வைத்துக் காந்தத்தைக் குழாய்க்கு அரைச் செண்டிமீட்டர் தூரத்துக்குக் கொண்டுவந்தேன். தச்சு ஆசாரியை வைத்துத் தாழ்ப்பாள் துவாரத்துக்குப் பித்தளைப் பட்டை அடித்தேன். உங்கள் வீட்டில் இரும்புக் கதவோ கிரில்லோ இருந்தால் இன்னொன்றைக் கவனியுங்கள். இரும்பு, காந்தத்தின் பலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், தாங்குகிற இடைவெளி வெகுவாகக் குறையும். காந்தத்துக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் துண்டாவது வைத்துத்தான் மாட்ட வேண்டும்.

மூன்றாவது, அந்த ஜோடித் தாள்கள். "கரண்ட் போச்சு. இன்வெர்டர் கத்திச்சு. அப்புறம் ஊதிச்சு." ஜனவரி 1 மர்மமும் இங்கேதான் அவிழ்கிறது. பேனல் பெட்டியைத் திறந்து மீட்டரை வைத்தேன். கரண்ட் இருக்கும்போது பேட்டரியில் 13.7 வோல்ட், தங்கம். மெயினை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். உடனே 11.9. அஞ்சு நிமிஷத்தில் 10.6. பன்னிரண்டாவது நிமிஷம் 9-க்குக் கீழே போனது. மச்சு சென்சாரும் பட்டாசல் சென்சாரும் ஒன்றாகக் கண்ணை மூடின. அந்த இரண்டுக்குள்ளும் ஒரு ரிலே உண்டு. மின்சாரம் இருக்கும்வரை அது சுற்றை மூடிப் பிடித்துக்கொண்டிருக்கும், மின்சாரம் சரிந்தால் கையை விட்டுவிடும். வயரை வெட்டுகிற திருடனுக்காகச் செய்த ஏற்பாடு அது. பேனலுக்கு வயரை வெட்டியதும் பேட்டரி செத்ததும் ஒன்றாகவே தெரியும். ஊதிவிட்டு, கொஞ்ச நேரத்தில் தானும் செத்துப்போகும். கரண்ட் வந்ததும் ஜனவரி 1-ல் புதுப் பிறவி எடுக்கும்.

12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் சீல்டு பேட்டரி. இதன் ஆயுசு மூன்றிலிருந்து ஐந்து வருஷம். சூடான இடத்தில் இன்னும் குறையும். மச்சுப்படிக்குக் கீழே காற்றே புகாத மூலையில் நாலு வருஷம் ஓடியதே அதிகம். புதுசுக்கு ஆயிரத்துச் சொச்சம் ஆனது. இதைவிட எரிச்சல் தந்தது வேறொன்று. வீட்டில் இன்வெர்டர் இருக்கிறது, ஃபேனும் லைட்டும் அதில் ஓடுகின்றன, காவலுக்கு வைத்த பேனலை மட்டும் இன்வெர்டர் இல்லாத பிளக்கில் செருகியிருந்தார்கள். பக்கத்துப் பிளக்கில் மாற்ற ஒரு நிமிஷம் ஆனது. இனி கரண்ட் போனால் பேட்டரியும் இன்வெர்டரும் சேர்ந்தே தாங்கும். பேட்டரியைப் பரிசோதிக்க மீட்டர்கூட வேண்டாம். மாதத்துக்கு ஒருநாள் பேனலின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் காப்பி போட்டுக் குடியுங்கள். திரும்பி வரும்போது கீபேடில் வெளிச்சம் இருக்க வேண்டும்.

பெட்டியைத் திறந்ததில் இன்னொரு கூத்தும் பார்த்தேன். ஒவ்வொரு ஜோன் வயரின் கடைசியிலும், அதாவது சென்சார் பக்கத்தில், ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்க வேண்டும். பேனல் அதன் அளவைப் பார்த்துத்தான் வயர் அறுந்ததா, யாராவது இரண்டு வயரை ஒட்டவைத்து ஏமாற்றுகிறார்களா என்று கண்டுபிடிக்கும். எங்கள் வீட்டில் நாலு ரெசிஸ்டரும் வரிசையாகப் பேனல் பெட்டிக்குள்ளேயே இருந்தன. ஏணி ஏறச் சோம்பல். பொய்ச் சங்குக்கு இது காரணமில்லை என்பதால் அதிகம் பேசவில்லை. ஆனால் திறந்து பார்க்கிறவர்கள் இதையும் பாருங்கள்.

நான் இதை எழுதுகிறேன் என்று தெரிந்ததும் சிநேகிதர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஒருத்தர் வீட்டில் பிறந்தநாளுக்குக் கட்டிய கேஸ் பலூன் ராத்திரி ஏசி காற்றில் அலைந்து அலாரம் அடித்திருக்கிறது. இன்னொருத்தர் வீட்டில் பூஜையறை விளக்கு. சுடர் ஆடினால் சென்சாருக்கு அது போதும். ஏசி வாய்க்கு எதிரே மாட்டியது, வெயில் விழுகிற ஜன்னலைப் பார்த்து மாட்டியது, கீழே பூனை. எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்: எந்த ஜோன், எந்த மணி, அப்போது வீட்டில் வேறென்ன நடந்தது?

மனிதக் கோளாறும் உண்டு, மறைப்பானேன். அம்மா வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து வந்தால் கதவைத் திறந்து, செருப்பை ஓரமாக விட்டு, கால் கழுவி, பூவைப் படத்துக்கு வைத்துவிட்டுத்தான் கீபேடுக்கு வருவாள். பேனல் கொடுத்திருந்த அவகாசம் 30 விநாடி. அதில் இரண்டு தடவை ஊதியிருக்கிறது. அவள் தாளில் குறிக்கவே இல்லை. "அது என் தப்புல்லா, அதை எதுக்கு எழுதணும்?" அவகாசத்தை 60 ஆக்கினேன். அம்மாவை மாற்றுவதைவிட அது சுலபம்.

அமெரிக்காவில் போலீஸ் துறைகளுக்காக எழுதப்பட்ட ஒரு கையேட்டில், அலாரம் அடித்துப் போலீசுக்கு வருகிற அழைப்புகளில் நூற்றுக்கு 94 முதல் 98 வரை பொய் என்று போட்டிருக்கிறது. சால்ட் லேக் சிட்டியில் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, 2000-ஆம் ஆண்டில் சட்டமே மாற்றிவிட்டார்கள். யாராவது நேரில் பார்த்து நிஜம் என்று சொன்னால்தான் போலீஸ் வரும். படித்தபோது எதிர்வீட்டு அண்ணாச்சி ஞாபகம்தான் வந்தது. அவர் தலையணையை எடுத்துக் காதில் வைத்தார், அந்த ஊர் தீர்மானம் போட்டு வைத்தது.

வேலையெல்லாம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். பல்லி, காத்து, பேட்டரி மூன்றையும் சொன்னேன். பேட்டரிக்குத் தலையாட்டினார், பல்லிக்கு வாய்விட்டுச் சிரித்தார். "இனிமே ஊதிச்சுன்னா எந்திரிச்சு வாங்க அண்ணாச்சி" என்றேன். "வாரேன். ஆனா ஒண்ணு, இன்னொரு மட்டம் பல்லின்னு சொன்னே, கம்பு ஒனக்குத்தான்" என்றார். ஒரு மாசமும் பதினோரு நாளும் ஆகிறது, இதுவரை ஊதவில்லை. ஊதாததே இப்போது அம்மாவுக்குக் கவலை. "செத்துப்போச்சா என்னன்னு தெரியலயே" என்று போன வாரம் கேட்டாள். முதல் ஞாயிறு பகல் பதினோரு மணிக்கு, அண்ணாச்சியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, புறவாசலைத் திறந்து ஊதவிட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அந்தத் தனித் தாளைச் சொல்லாமல் விட்டேன் அல்லவா? ஜூலை மாதத் தாள். முதல் ஜோன், வாசல் கதவு. அம்மா எழுதியது: "3.40 ஊதிச்சு. காத்து இல்ல. கரண்ட் இருக்கு." வாசல் கதவின் காந்தத்தை அளந்தேன், இடைவெளி அரைச் செண்டிமீட்டர்தான். வயர் இணைப்பை அவிழ்த்துப் பார்த்தேன், செம்பு பளபளவென்று இருந்தது. உள்ளே அம்மாவை நிறுத்திவிட்டுக் கதவை உள்ளங்கையால் தட்டினேன். விளக்கு எரியவில்லை. தோளை வைத்துத் தள்ளினேன். "எரியுது" என்றாள்.

அன்றைக்கே ஆசாரியை மறுபடி கூப்பிட்டு, வாசல் கதவுக்குக் கீழே இன்னொரு தாழ்ப்பாள் போடச் சொன்னேன். எதற்கு என்று அம்மா கேட்டாள். மழைக்குக் கதவு உப்புதுல்லா, அதுக்குத்தான் என்றேன்.